இலை வாடும் வாசம்

எங்கள் தெருவில் மின்கம்பிக்கு இடைஞ்சலாக நீண்டிருந்த புங்கமரக் கிளைகளை மழைக்காலத்துக்கு முன்னால் வெட்டிப் போட்டிருந்தார்கள். அள்ளிப் போக வண்டி வரவில்லை. ராத்திரி முழுக்க அந்த இலைக்குவியல் நடைபாதையிலேயே கிடந்தது. விடிகாலையில் பால் வாங்க இறங்கியபோது, சென்னை அசோக் நகரின் அந்தத் தெருமுனையில் தேயிலைத் தொழிற்சாலை வாசம் அடித்தது. பச்சை இலை ஒரு ராத்திரி வாடிக் கிடந்தால் வருகிற வாசம் அது. பச்சை வாடை பாதி அடங்கி, பழத்தின் இனிப்பு லேசாக ஏறியிருக்கும். பால் பாக்கெட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன். மேல் வீட்டுக்காரர், "என்னம்மா, ஏதாவது தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சென்னைக்காரர்களுக்குத் தேயிலை என்றால் கொதிக்கிற டீயின் மணம்தான். குன்னூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தொழிற்சாலையின் மேல்மாடி. சாயங்காலம் எடை போட்ட கொழுந்தையெல்லாம் அங்கே நீளத் தொட்டிகளில் விரித்துப் போட்டு, அடியிலிருந்து விசிறிக் காற்றை ஏற்றுவார்கள். ராத்திரி முழுக்கக் கிடந்து வாடினால்தான் மறுநாள் மிஷினில் போட முடியும். அப்பாவுக்கு அந்த மாடியில் ராத்திரி வேலை. இலை பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் வைத்து இறுக்கி உருட்டுவார். கையை விரித்ததும் உருண்டை கலையாமல் இருந்தால் சரி. இலை நிமிர்ந்து எழுந்தால் இன்னும் நேரம் வேண்டும். நாலு, நாலரைக் கிலோ பச்சை இலை போட்டால் ஒரு கிலோ தூள் வரும். மீதியெல்லாம் தண்ணீர்ச்சத்து. அது முழுக்க அப்பாவின் சட்டையில்தான் ஏறியிருக்கிறது என்று அம்மா சொல்வாள். காலையில் அவர் வாசலுக்கு வருவதற்கு முன்பே அந்த வாசம் வீட்டுக்குள் வந்துவிடும். நாங்கள் அதில்தான் கண்விழித்தோம்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுடையது ஆறாவது காம்பரா. முன்னறை ஒன்று, அடுப்படி ஒன்று, அவ்வளவுதான். அப்பாயி, அப்பா, அம்மா, நாங்கள் மூன்று பிள்ளைகள். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிதான் விறகு. மழை மாதங்களில் துணி காயாது. அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் போட்டுக் காய வைப்போம். அதனால் பள்ளிக்கூடத்தில் எஸ்டேட் பிள்ளைகளைப் புகை வாடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். தண்ணீர் மேட்டு ஊற்றிலிருந்து குழாயில் வரும். மார்கழி, தை மாதங்களில் அந்தக் குழாயைத் தொட்டால் விரல் மரத்துப் போகும். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையின் சங்கு பள்ளத்தாக்கைத் தாண்டிக் கேட்கும். எங்கள் எஸ்டேட் சங்கும் அதுவும் மாறி மாறி ஊதுவதுதான் எங்களுக்குக் கடிகாரம்.

அப்பாயி சிலோன்காரி. தலவாக்கலைப் பக்கம் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவள். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, பத்து வருஷம் கழித்து அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு புள்ளிதான் எங்கள் குடும்பம். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் இருந்து, கடைசியில் நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-இல் அரசு இங்கே தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுதான் பிறகு டான்டீ என்கிற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று எங்கள் சொந்தக்காரர்கள் அதில் பரவினார்கள். அப்பாவுக்குக் கிடைத்தது வேறொரு தனியார் தோட்டம்.

அப்பாயிக்கு நீலகிரி கடைசிவரை பிடிபடவில்லை. "எங்க ஊரு பனி மாதிரி இது இல்ல புள்ள. அங்க பனி வந்து ஒக்காரும். இங்க வந்துட்டு ஓடுது" என்று சொல்லும். தேங்காய் விலை கேட்டால் மூச்சு நின்றுவிடும் அதற்கு. சிலோனில் தேங்காய்ச் சம்பல் இல்லாமல் ரொட்டி தொட்டதில்லை. இங்கே மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வருகிற தேங்காயை எண்ணி எண்ணித்தான் உடைக்க வேண்டும். தீபாவளி போனஸ் வந்தால் முதலில் வாங்குவது தேங்காய்தான். அன்றைக்கு அம்மியில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் வைத்து அப்பாயியே சம்பல் அரைக்கும். யாரையும் கிட்ட விடாது. ரயிலை அது கோச்சி என்றுதான் சொல்லும். குன்னூர் ஸ்டேஷனில் மலை ரயிலின் சத்தம் கேட்டால், "நம்ம கோச்சி வந்துருச்சு" என்று ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்க்கும். பின்னாலிருந்து இன்ஜின் தள்ள, பல்சக்கரத்தில் கல்லாறிலிருந்து ஏறி வருகிற ரயில் அது. 1899-இலிருந்து குன்னூருக்கு வருகிறது. அதற்கு யுனெஸ்கோ பட்டம் கிடைத்த 2005-இல் அப்பாயி இல்லை.

ஒரு மலையில் இருந்துகொண்டு இன்னொரு மலைக்காக ஏங்கிய அந்தக் கிழவியைப் பார்த்துச் சின்ன வயதில் எனக்கு எரிச்சல் வரும். இவ்வளவு அழகான ஊரில் இருந்துகொண்டு என்ன குறை என்று நினைப்பேன். எந்த ஊரில் எதை விட்டுவிட்டு வந்தால் மனிதருக்கு இப்படி ஆகும் என்பது சென்னைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

சென்னையை நான் முதலில் பார்த்தது மே மாதங்களில்தான், அதுவும் குன்னூரிலேயே. சீசன் வந்தால் லாம்ஸ் ராக் போகிற ரோட்டில் சென்னை நம்பர் கார்கள் வரிசையாக நிற்கும். சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, ஊட்டியில் மலர்க் கண்காட்சி. எங்களுக்கும் பள்ளிக்கூடம் லீவு. அம்மா கொழுந்து பறிக்கிற மலையோரம் உட்கார்ந்து, வருகிற போகிற கார்களைப் பார்ப்போம். ஒருநாள் ஒரு கார் நின்றது. இறங்கிய அம்மாள் நல்ல பட்டு மாதிரிப் புடவை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. அம்மாவின் கூடையைக் கேட்டு வாங்கி முதுகில் மாட்டி போட்டோ எடுத்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்கும்போது, "கொடுத்து வெச்சவங்கம்மா நீங்க. வருஷம் பூரா ஏசியில இருக்கீங்க" என்றார். அம்மா சிரித்துவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு நிரைக்குள் போய்விட்டாள். அன்றைக்குக் கொழுந்து குறைவு. எடைக்கு இன்னும் நிறைய பறிக்க வேண்டியிருந்தது.

அந்த அம்மாள் மீது எனக்கு அப்போதும் கோபமில்லை. இப்போது ஏப்ரல் வெயிலில் வடபழனி பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவர் சொன்னதன் அர்த்தம் உடம்புக்கே தெரிகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் கோடை வந்தால் சென்னை ராஜதானி அரசாங்கமே கோப்புகளைக் கட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஏறிவிடும். சென்னை மலைக்கு ஏறுவது பழைய வழக்கம். மலை சென்னைக்கு இறங்குவது எங்கள் தலைமுறையில் பெருகியது.

நான் இறங்கியது வேலைக்காக. மவுண்ட் ரோட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பஸ். பர்லியாறு வந்தால் காது அடைத்துக்கொள்ளும், கல்லாறு பாக்குத் தோப்பு வந்தால் ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் வைப்போம். அங்கிருந்து ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ். எங்களுக்கு அது புளூ மவுண்டன்தான். அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, ஜன்னல் பக்கம் கைய நீட்டாத" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வேறு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

காலையில் சென்ட்ரலில் இறங்கியதும் கூவம் வாடையும் ஈரக் காற்றும் சேர்ந்து முகத்தில் அறைந்தது. எழும்பூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல், ஓர் அறையில் நாலு பேர். மற்ற மூவருக்கும் ஃபேன் வேண்டும், எனக்கு ஃபேன் சத்தத்தில் தூக்கம் வராது. ஃபேன் இல்லாத வீட்டிலேயே வளர்ந்தவளுக்கு அந்தச் சத்தம் தலைக்கு மேலே மழை பெய்வது போலவே இருந்தது. அடிபம்பில் வந்த தண்ணீரில் சோப்பு நுரைக்காது. லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காவல் நிற்க வேண்டும். ஊற்றுத் தண்ணீரை வீணாய் ஓடவிட்டுப் பாத்திரம் கழுவிய கைக்கு அது பெரிய பாடம். பின்னாளில் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது டேங்கர் வைத்த ரயிலில் வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் வந்தபோது, டிவியில் அதைப் பார்த்துவிட்டு அம்மா போன் செய்தாள். "தண்ணி ரயில்ல வருதாமே. எப்படிடி குளிக்கிற?" என்று கேட்டாள்.

ஆனாலும் சென்னை எனக்கு வேறொன்று கொடுத்தது. அதைச் சொல்ல அப்பாவின் கதையைத்தான் சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இன்ன லயம், இன்ன காம்பரா, இன்னார் மகள் என்று சொன்னால் போதும், என் பேர் யாருக்கும் தேவைப்படாது. துரை வருகிற வழியில் சைக்கிளில் போனால் இறங்கி நிற்க வேண்டும், தலைத்துண்டை எடுக்க வேண்டும். அப்பாவின் தலைமுறை அப்படியே வளர்ந்தது. என்னைப் பார்க்க அவர் முதல்முறை சென்னைக்கு வந்தபோது, மாம்பலத்தில் எலெக்ட்ரிக் ட்ரெய்னுக்கு டிக்கெட் எடுக்கப் போனார். கவுண்டரில் இருந்த பையன், "சில்லறையா குடுங்க சார்" என்றான். அப்பா பின்னால் திரும்பிப் பார்த்தார். தன் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். "உங்களத்தான் சார்" என்றான் அவன். ட்ரெய்ன் பீச் போகும்வரை அப்பா ஒன்றும் பேசவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு லயத்தில் யார் சென்னையைப் பற்றிக் கேட்டாலும், கடலைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்வாராம். அந்தப் பையன் பழக்க தோஷத்தில் சொன்ன வார்த்தை அது. என் அப்பாவுக்கு அது ஒரு நகரமே எழுந்து நின்று மரியாதை செய்ததாகப் பட்டது.

எனக்கும் அப்படித்தான். யாருக்கும் என்னைத் தெரியாத ஊரில் நான் என் பேரோடு நடந்தேன். சினிமாவுக்குப் போய்விட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு ஹாஸ்டலுக்கு வந்தால், வழியில் யாரும் மேஸ்திரியிடம் போய்ச் சொல்லப் போவதில்லை. இதை லேசாகச் சொல்லிவிட எனக்கு மனமில்லை. மலையின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் லயத்துக்குள் வாழ்ந்தவர்கள் இல்லை. எட்டு வீட்டுக்குச் சேர்த்து ஒரு கக்கூஸ். என் தம்பி பிறந்த ராத்திரி அம்மாவைக் கம்பளியில் சுற்றிக் கொழுந்து லாரியில்தான் ஏற்றிப் போனார்கள். அந்த வாழ்க்கை திரும்ப வேண்டும் என்று நான் ஒரு நாளும் ஆசைப்பட்டதில்லை.

ஆசைப்படுவது வேறு சிலவற்றுக்கு. லயத்தில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு யார் வீட்டிலும் அடுப்பு எரியாது. மேல் லயத்துக்காரர்கள் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊற்றுவார்கள். சென்னையில் எங்கள் அடுக்குமாடியில் இரண்டாவது மாடித் தாத்தா இறந்தது, ஐஸ் பெட்டி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மாலை வாங்கிப் போனேன். அந்த வீட்டுப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, அவர் பேர் எனக்குத் தெரியாது என்பது உறுத்தியது. அன்று ராத்திரி சோறு வடித்து ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பாட்டியும் நானும் அத்தை, மருமகள் என்று கூப்பிட்டுக்கொள்கிறோம்.

மழை வந்தால் மனம் இரண்டு ஊரிலும் இருக்கும். 2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். குன்னூர் ரோடு துண்டாகிவிட்டது. போன் போகவில்லை. ஆபீசில் உட்கார்ந்துகொண்டு அப்பா வேலை செய்கிற தொழிற்சாலை எந்தச் சரிவில் இருக்கிறது, லயத்துக்கு மேலே இருக்கிற மண்மேடு எவ்வளவு செங்குத்து என்று மனசுக்குள் அளந்துகொண்டிருந்தேன். மலைச்சரிவில் எங்கே கட்டக்கூடாதோ அங்கெல்லாம் காட்டேஜ் கட்டுகிற வேகத்தைப் பார்த்தால் அந்தப் பயம் இன்றும் போகவில்லை. ஆறு வருஷம் கழித்து 2015 டிசம்பர் ஒன்றாம் தேதி ராத்திரி அடையாறு கரை மீறியபோது மாடிப்படியில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அப்போது போன் போகாமல் தவித்தது மலையில் இருந்த அம்மா.

பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த தோழி ஒருத்தி படுகர் வீட்டுப் பெண். கோத்தகிரிப் பக்கம் அவர்கள் ஹட்டி, அதாவது ஊர். உருளைக்கிழங்கு போட்ட நிலத்தை அவளுடைய தாத்தா காலத்தில் தேயிலைக்கு மாற்றியிருந்தார்கள். சோவியத் யூனியன் இருந்தவரை நீலகிரித் தூளுக்கு அங்கே நல்ல கிராக்கி. அது உடைந்து, தொண்ணூறுகளின் கடைசியில் விலை விழுந்தபோது பச்சை இலை கிலோவுக்குப் பத்து ரூபாய்கூடக் கிடைக்காமல் போனது. பறிக்கிற கூலிக்கே கட்டுப்படியாகாமல் பலர் கோயம்புத்தூர், திருப்பூர், பெங்களூர் என்று இறங்கினார்கள். அவளும் பெங்களூர் போனாள். ஆனால் வருஷா வருஷம் எத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்திக்கொண்டு ஹட்டிக்கு வந்துவிடுவாள். பண்டிகை நடக்கிற பேரகணியில் கூட்டத்துக்கு நடுவே நின்று எனக்கு போட்டோ அனுப்புவாள். அவளுக்கு ஊரில் அப்பா கட்டிய வீடு இருக்கிறது, அவரைப் பந்தல் இருக்கிறது, அவள் வந்தால் உட்காரத் திண்ணை இருக்கிறது. பெங்களூர் அவளுக்குச் சம்பாதிக்கிற இடம் மட்டும்தான்.

எங்களுக்கு அப்படி இல்லை. தோட்டத்து வீடு தோட்டத்தோடது. வேலை இருக்கிறவரை வீடு, வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். எல்லாத் தோட்டங்களிலும் நெடுங்காலமாக இருக்கிற நடைமுறை அது. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்து ரிட்டையர் ஆனபோது நாங்கள் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்த காம்பராவைக் காலி செய்தோம். அப்பா அம்மியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அப்பாயியின் அம்மி. லாரிக்காரர் முனகிக்கொண்டே ஏற்றினார். வாசலில் அம்மா வைத்த சம்பங்கிச் செடியை என்ன செய்வதென்று தெரியாமல், தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள். டான்டீ தோட்டங்களிலும் இப்போது இதே பேச்சுதான். 2022-இல் ஏறத்தாழ 2,152 ஹெக்டேர் தேயிலை நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. காட்டைக் காடாக்குவது நல்ல காரியம்தான். கடல் தாண்டிக் கூட்டிவந்து அந்தச் சரிவுகளில் செடி நட வைத்த மக்களுக்கு, வேலை ஓய்ந்தபின் மலையிலேயே ஒரு சொந்த வீடு கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவர்கள் கேட்பதும் அதுதான்.

சென்னைக்கு வந்த அம்மாவின் விரல்களை நான் அப்போதுதான் சாவகாசமாகப் பார்த்தேன். கொழுந்து பறிக்கிறவர்களுக்குக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தேயிலைக் கறை ஏறி, தோல் வெடிப்புகள் கறுப்புக் கோடு கோடாக இருக்கும். எலுமிச்சை தேய்த்தாலும் போகாது. இங்கே வந்து மாதங்கள் ஆக ஆக அது மங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் டிவி பார்த்துக்கொண்டிருந்தவள் கையை விரித்துப் பார்த்து, "வெளுத்துப் போச்சு பாரு" என்றாள். சந்தோஷமா வருத்தமா என்று அவள் முகத்திலிருந்து தெரியவில்லை. ஆனால் வாசலில் இருக்கிற செம்பருத்திச் செடியின் துளிரை அந்த வழியாகப் போகும்போதெல்லாம் விரல் தானாகக் கிள்ளிவிடும். அந்தச் செடி உயரமாக வளரவே இல்லை. பக்கவாட்டில் அடர்ந்து, இடுப்பளவுக்கு நின்றது.

ஜாபர்கான்பேட்டையில் பழைய அடுக்குமாடி ஒன்றில் சின்ன வீடு விலைக்கு வந்தது. பேங்க் லோன் போட்டு வாங்கினேன். பத்திரத்தில் அம்மாவின் பேரையும் சேர்த்தோம். பதிவு அன்றைக்கு விரல் ரேகை எடுக்கிற மிஷினில் அம்மா விரலை வைத்தாள். ரேகை விழவில்லை. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்கள். விழவில்லை. இன்னொரு விரல். அதுவும் இல்லை. அங்கிருந்த பெண் தேங்காய் எண்ணெய் துளி தொட்டுத் தடவி, அம்மாவின் விரலை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக அழுத்தினாள். "என்ன வேலைம்மா பாத்தீங்க? ரேகையே தேஞ்சு போயிருக்கு" என்று கேட்டாள். "தேயிலை" என்றாள் அம்மா. கடைசியில் இடது கை மோதிர விரல் பதிந்தது. கொழுந்து கிள்ளும்போது அதிகம் வேலை செய்யாத விரல் அது. மூன்று தலைமுறையில் எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணின் பேர் ஒரு வீட்டின் மேல் எழுதப்பட்டது அன்றைக்குத்தான். தலவாக்கலையில் கிடைக்காதது, குன்னூரில் கிடைக்காதது, வெயிலும் தண்ணீர்ப் பஞ்சமும் உள்ள இந்த ஊரில் கிடைத்தது. சென்னையை யாராவது என் முன்னால் வெறும் நரகம் என்று பேசினால் என்னால் தலையாட்ட முடிவதில்லை.

அப்பா போய்ச் சில வருஷம் ஆகிறது. போன கோடையில் அம்மாவுக்கு ஒரு தடவை குன்னூர் தந்தி மாரியம்மனைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. காரில் கிளம்பினோம். 2024 மே 7-இலிருந்து நீலகிரிக்கு ஏறுகிற வெளிவண்டிகளுக்கு, ஹைகோர்ட் உத்தரவுப்படி, இ-பாஸ் வேண்டும். டி.என். 43 என்று ஆரம்பிக்கிற நீலகிரி வண்டிகளுக்குத் தேவையில்லை. எங்கள் வண்டி சென்னை வண்டி. போனில் படிவத்தை நிரப்பும்போது, எத்தனை பேர், எங்கே தங்குகிறீர்கள், எதற்காக வருகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. அம்மா எட்டிப் பார்த்து, "பொறந்த ஊருன்னு போடு" என்றாள். அப்படி ஓர் இடம் அதில் இல்லை. சுற்றுலா என்று போட்டேன். அந்த உத்தரவு சரியானது. மே மாதத்தில் அந்த மலை தாங்குகிற அளவுக்கு மேல் வண்டி ஏறுகிறது. இருந்தாலும் கல்லாறு சோதனைச் சாவடியில் பாஸைக் காட்டி நின்ற நேரத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது.

கோயிலுக்குப் போய்விட்டு லயத்துக்குப் போனோம். வழியில் தேயிலைக்குள் இரண்டு காட்டெருமைகள் நின்றிருந்தன. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அவற்றைப் பார்த்ததாகச் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். இப்போது டவுனுக்குள்ளேயே வருகின்றன. கையால் கொழுந்து கிள்ளுவதும் குறைந்துவிட்டது. கத்தரி வைத்து வெட்டிப் பையில் சேர்க்கிறார்கள். லயத்தில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. எங்கள் ஆறாவது காம்பராவில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. இங்கே இப்போது பல தோட்டங்களில் அவர்கள்தான் வேலை செய்கிறார்கள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. இடுப்பில் குழந்தை. எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, பால் விடாத டீ கொடுத்தாள். தமிழ் நன்றாகவே பேசினாள். சம்பங்கிச் செடியைக் கேட்டோம். அது எப்போதோ போயிருந்தது. அந்த இடத்தில் பச்சை மிளகாய் வைத்திருந்தாள்.

அம்மா அவளிடம், "இந்தக் குளிரு பழகிருச்சாம்மா?" என்று கேட்டாள்.

"இல்ல அம்மா. எங்க ஊர்ல வெயில் நல்லா இருக்கும். இங்க துணியே காயல" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் குழந்தையின் சட்டைகளைப் போட்டிருந்தாள்.

சென்னை என்று நாங்கள் சொன்னதும் அவள் எழுந்துபோய் ஒரு துண்டுக் காகிதம் எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய தம்பி அடுத்த மாதம் ஊரிலிருந்து சென்னைக்கு வருகிறானாம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்கு. பத்தொன்பது வயசு. காகிதத்தில் ஒரு போன் நம்பரும் ஸ்ரீபெரும்புதூர் என்று இந்தியில் எழுதியதும் இருந்தது.

"அக்கா, சென்னை நல்ல ஊரா?" என்று கேட்டாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பேனா வாங்கி அந்தக் காகிதத்தின் பின்பக்கம் எழுதத் தொடங்கினேன். சென்ட்ரலில் இறங்கினால் வெளியே வந்து யாரிடமும் பையைக் கொடுக்காமல் பஸ்ஸைக் கேட்க வேண்டும். ரூம் எடுத்தால் முதலில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானம் வெளியே நிற்கிற வேலை என்றால் மோரும் உப்பும் மறக்கக் கூடாது. கடைசியில் என் நம்பரை எழுதி, உடம்பு சரியில்லை என்றால் எந்த நேரமானாலும் கூப்பிடச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல் என்றாள் அம்மா. "விலாசத்தையும் எழுதிக் கொடு" என்றாள். எழுதிக் கொடுத்தேன். கதவு நம்பர், மாடி, தெரு, ஜாபர்கான்பேட்டை, பின்கோடு வரைக்கும்.